மூன்றாம் நாள் பூசணி

மூன்று நாளாக எங்கள் வீட்டில்
குக்கர் மட்டும்தான் வாயைத் திறக்கிறது.

சண்டை ஸ்கூட்டரைப் பற்றியது.
என்னைக் கேட்காமல் சுகோமல் அதைத்
தன் அத்தை மகனுக்குக் கொடுத்தான்.
அவன் அதை தீஸ்தா பாலத்தருகே
ஒரு மணல் லாரிக்குக் கொடுத்தான்.
ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.
அதனால் கோபப்பட வசதியாக இருந்தது.

சிலிகுரியில் நவம்பர்.
எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே
சில காலைகளில் கஞ்சன்ஜங்கா தெரியும்.
முதலில் பார்ப்பவர் மற்றவரைக் கத்திக் கூப்பிட வேண்டும்,
கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான்.
இன்று நான் பார்த்தேன், கத்தவில்லை.
கொஞ்சம் பொறுத்து, பல் துலக்கியபடி,
அவனும் வந்து பார்த்துவிட்டுப் போனான்.
அவ்வளவு பெரிய மலை,
அதையும் பங்கு பிரித்துத்தான் பார்த்தோம்.

சாயங்காலம் அரிவாள்மணையில் உட்கார்ந்தேன்.
முக்கால் கிலோ பூசணி,
கல்லில் அடித்தாலும் உடையாத தோல்.
சீவச் சீவ உள்ளேயிருந்து மஞ்சள் வெயில்.
இரண்டு உருளைக்கிழங்கு.
ஒரு கிண்ணத்தில் கறுப்புக் கொண்டைக்கடலை,
ராத்திரியே ஊறப்போட்டது.
நான் ஊறப்போடவில்லை.

கடுகெண்ணெய் புகைய வேண்டும்.
புகையாத கடுகெண்ணெய்
சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பியவன் மாதிரி
தொண்டையிலேயே நிற்கும்.
பிரிஞ்சி இலை, கிள்ளிய வற்றல்,
பிறகு ஒரே டப்பாவில் குடியிருக்கும் ஐந்து பேர்:
சீரகம் சோம்பு கடுகு கருஞ்சீரகம் வெந்தயம்.
ஒன்றாகத்தான் எண்ணெயில் விழுகிறார்கள்,
ஆனால் வெந்தயம் முந்திக் கருகும்,
கருகினால் நாலு பேரையும் கசக்க வைக்கும்.
இந்த வீட்டில் வெந்தயம் யார் என்பது
இன்னும் தீர்ப்பாகவில்லை.

கிழங்கு சிவந்தது. பூசணியைக் கொட்டினேன்,
மஞ்சள்தூள், இடித்த இஞ்சி, கடலை.
கோபத்தில் நான் உப்பை மறந்துவிடுவேன்,
அது எனக்கே தெரியும்.
அதனால் நினைவாகப் போட்டேன், ஒன்றரைக் கரண்டி.
மூடினேன்.

அப்போது பார்த்து இன்ஷூரன்ஸ்காரர் போன்.
சமையலறையில் சிக்னல் நிற்காது.
பால்கனிக்குப் போய்
வண்டி நம்பரை மூன்று முறை சொன்னேன்.
மூன்றாம் முறை என் குரல்
உள்ளே கேட்கட்டும் என்றே உயர்ந்தது.
திரும்பியபோது மூடி சற்றுச் சாய்ந்திருந்தது.
ஆவியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.
சர்க்கரை ஒரு சிட்டிகை, தேங்காய்ப் பல்லு, இறக்கினேன்.

ரொட்டி. தட்டு. எதிரும் புதிருமாக இருவர்.
அவன் ஒரு வாய் வைத்தான், தண்ணீர் குடித்தான்.
நான் ஒரு வாய் வைத்தேன்.
வங்காள விரிகுடா.

அவன் இன்னொரு வாய் எடுத்தான்.
சளைத்தவளா நான், நானும் எடுத்தேன்.
நான்காவது வாயில் அவன் கண் கலங்கியது,
மனம் மாறியதால் அல்ல.
என் டம்ளர் காலியாகியிருந்தது.
தன்னுடையதிலிருந்து பாதியை
அதில் ஊற்றிவிட்டுச் சொன்னான்:
"கோபத்தில் நீ மறந்திருப்பாய் என்று…"

சிரிக்கக் கூடாது என்றிருந்தேன்.
ரொட்டி மூக்கில் ஏறிவிட்டது.

எழுந்து இன்னும் மூன்று கிழங்கு வேகவைத்து,
மசித்து, அதில் கலந்தோம்.
இருவருக்கான கறி ஆறு பேருக்கானது ஆனது.
கீழ்வீட்டு பௌமிக்குக்கு ஒரு கிண்ணம் போயிற்று.
ஸ்கூட்டர் பேச்சு வரவில்லை. வரும்.
முன்பக்க ஃபோர்க் மட்டுமே நாலாயிரமாம்.

காலையில் மிச்சக் கறியைப்
பொரியில் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன்.
"தபதி, வா, வா, தெரிகிறது!"
கையைக் கழுவாமல் ஓடினேன்.
தொட்டிக்கு மேலே வெறும் மேகம்.
"இப்போதுதான் இருந்தது" என்றான்.
"இருந்திருக்கும்" என்றேன்.